ரயில் போன பிறகு

வெள்ளவத்தை. கடற்கரைப் பக்கம், மூன்றாம் மாடி.
வதனி வீட்டில் ஐந்து பேர்,
ஒரு தட்டு கிறீம்கிறேக்கர்.

பதினொரு வருஷமாய் மாரடைப்பு என்றே
நான் சொல்லிவந்த இவரின் சாவை
அன்று சொன்னேன்: தற்கொலை.
அந்த நேரம் பார்த்து
பாணந்துறை ரயில் யன்னலை உலுக்கிப்போனது.

"கேட்கேல்லை," என்றா றிஸ்மியா,
"திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னேன்.
ஐயோ என்று ஒருவரும் வாயில் கைவைக்கவில்லை.
தெரேசா கேட்டா:
"காலமை சாப்பிட்டவரோ?"

சாப்பிட்டவர். ரோஸ்பாண், சம்பல்.
மகளின் சப்பாத்துக்குப் பொலிஷும் போட்டவர்.
இப்படி ஒரு கேள்வி
எனக்கு வந்ததேயில்லை.

தேத்தண்ணி ஆறிவிட்டது.
அதுவரை பேசாதிருந்த செல்வமலர்
கோப்பையைக் கீழே வைத்தா.
"என்ர தம்பி..." என்று தொடங்கி
நிறுத்தினா.

ரயில் ஒன்றும் வரவில்லை.
காத்திருந்தோம்.