கழித்தல் எண்பத்தாறு

வேலந்தாவளம் எடைமேடையில்
ரசீது போடுகிறவள் நான்.
வெறும் லாரி, சுமை லாரி,
இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்:
அதற்குத்தான் சம்பளம்.

மத்தியானச் சோறு எதிரே, சுலேகா மெஸ்ஸில்.
போன மாசம் அவளுக்குச்
சித்தூர் ஆஸ்பத்திரி கேன்டீன் கிடைத்தது.
அங்கே அடுப்பில் நிற்கப்போவது வேறு ஆட்கள்.
ஆகவே மலையாளத்தில் ஒரு காகிதம்:
எல்லாம் கிராமில் எழுதித் தரவும்.
டம்ளர், நாழி, கை, சிட்டிகை எதுவும் செல்லாது.

"நீ லாரியையே நிறுக்கறவ.
ஒரு டம்ளர் மல்லிப்பொடி பெரிய காரியமா?"

ஞாயிற்றுக்கிழமை, ஷட்டர் பாதி இறக்கி,
புதுத் தராசின் உறையைப் பல்லால் கிழித்தாள்.
நான் நோட்டை விரித்தேன்.

முதல் சண்டை மைதாவோடு.
அள்ளினால் ஒன்று, தட்டினால் ஒன்று,
சலித்துக் கொட்டினால் வேறொன்று.
அதே டம்ளர், அதே மூட்டை, மூன்று மைதா.
"ஆளைப் பாத்து நடிக்குது" என்றாள்.
கல்லுப்பு இடம் விட்டு உட்கார்ந்தது.
பொடியுப்பு கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் ஏறுகிற மாதிரி
ஒன்றன் மடியில் ஒன்று.
தேங்காய்த் துருவல் காலையில் ஒரு கனம்,
ஃபேன் காற்றில் காய்ந்து பிறகு வேறு கனம்.
மட்ட அரிசியை விளிம்போடு வழித்தாள்,
பச்சரிசியை மட்டும் கூம்பாக விட்டாள்.
ஏன் என்றேன்.
"அது அப்படித்தான்."
அதையும் எழுதிக்கொண்டேன்.

இருபத்திரண்டு பொருள்.
அடியில் அவள் கையெழுத்து, அதற்கும் கீழே என்னுடையது.

புதன்கிழமை ஃபோன். கேன்டீனிலிருந்து பிந்து.
அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.
"சேச்சீ, சாம்பாறில் ஸ்பூன் நிக்குந்நு!"

சுலேகா என்னைப் பார்த்தாள்.
நான் நோட்டைப் பார்த்தேன்.

டம்ளர்.
டம்ளரையும் சேர்த்தே நிறுத்திருக்கிறோம்.
எவர்சில்வர், எண்பத்தாறு கிராம்,
இருபத்திரண்டு தடவை.

பதினொரு வருஷத்தில்
வெறும் வண்டியைக் கழிக்காமல்
ஒரு ரசீது கிழித்ததில்லை நான்.
டிரைவரின் டிபன் கேரியரைக்கூட
இறக்கி வைக்கச் சொன்னவள்.

உட்கார்ந்து கழித்தேன்.
அரிசி பாதிக்குப் பாதி கூடியிருந்தது, தாங்கிக்கொண்டது.
மிளகாய்த்தூள் ஏறக்குறைய இரட்டிப்பு.
மசாலாப் பொரிக்குப் போட்ட கணக்கிலோ
பொரி இருபது கிராம்தான்,
மிச்சமெல்லாம் டம்ளர்.
எது லேசோ
அதன் மேல்தான் பாத்திரம்
நன்றாக ஏறி உட்கார்ந்திருந்தது.

பேனாவை மூடிவிட்டு ஒரு நிமிஷம்
என் மாமியார் வீட்டை நினைத்தேன்.
அது வேறு யோசனை, விடுங்கள்.

மறுபடி முதலிலிருந்து.
வெறும் டம்ளரை வை.
பொத்தானை அழுத்து.
பூஜ்யம் வரட்டும், பிறகு கொட்டு.
மைதாவை இந்தத் தடவை அவள் திட்டவில்லை,
சலித்த கணக்கையே வைத்துக்கொண்டோம்.
கடைசியாக எண்ணெய். நூற்று எண்பத்து நாலு.
எழுதினேன், அடிக்கோடு போட்டேன்.
டம்ளரைத் தூக்கிக் கழுவப் போட்டாள்.

தராசு அணையவில்லை.
துடைத்த தட்டின் கீழே சிவப்பாக
கழித்தல் எண்பத்தாறு.

ஈரக்கையோடு குனிந்து பார்த்தாள்.
"ஒண்ணுமே இல்லையேடி.
இல்லாததுல இருந்து என்ன குறையுது?"

சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் ஹாரன்.
பொள்ளாச்சித் தேங்காய், மேற்கே போகிற வண்டி.
ரசீதுப் புத்தகத்தோடு ரோட்டைத் தாண்டினேன்.
மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு
ஸ்டியரிங்கில் கன்னம் வைத்துக் காத்திருந்தான்.

"இறங்கு" என்றேன்.
"நீயும் இருக்கே வண்டியில."