ஒன்பது தலை

அல்மாத்தியில் இன்னும் விடியவில்லை.
வேனில் ஏறும் தலைகளை எண்ணுகிறேன்: ஒன்பது.
தல்கத் ரேடியோவைத் திருகுகிறான்.
பின் சீட்டில் யாரோ
சூரியகாந்தி விதை கொறிக்கிறார்கள்.

சாரின் பள்ளத்தாக்கில் நாற்பது நிமிடம்.
பாறையெல்லாம் கோட்டை மாதிரித் தெரிகிறதா, என்பேன்.
தெரிகிறது என்பார்கள்.
கழிப்பறை எங்கே என்பார்கள்.

கைண்டி ஏரி.
நிலநடுக்கம் மலையைச் சரித்து ஆற்றை மறித்ததில்
மூழ்கிய ஊசியிலை மரங்கள்
நின்றபடியே செத்து
நூறு வருஷம் தாண்டியும் நிற்கின்றன.
இதை வாரத்துக்கு நான்கு முறை சொல்கிறேன்,
ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மூன்றரைக்கு எண்ணினால் எட்டு.

ஓம்ஸ்க்கிலிருந்து வந்த பல் டாக்டர்
போனை ஷூவுக்குள் போட்டுவிட்டு
கணுக்கால் நீரில் நிற்கிறார்.
கிளம்பணும், என்றேன்.
அந்த மூன்றாவது மரம் அசைகிறது, என்றார்.
அசையாது,
பதினோரு வருஷத்தில் அசைந்ததே இல்லை
என்று காட்டத்தான் திரும்பினேன்.

தல்கத் ஹாரன் அடித்தான்.
கொஞ்சம் பொறுத்து, நீளமாக, இன்னொன்று.
குளிர் முழங்காலைக் கடித்தபோதுதான் பார்த்தேன்,
என் ஷூவும் கரையில் கிடந்தது.

மேட்டிலிருந்து கத்துகிறான்:
"குல்ஜமால்! ரெண்டு குறையுது!"