வழியில் ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை.
உம் அல் குவைனுக்கு வெளியே, ஓடுபாதை ஓரம்
என் அலுவலகம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
மடியில் பைனாகுலர்.
இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வாக்கிடாக்கி.
என்ன வேலை என்று ஊரில் கேட்டால்
வானத்தைப் பார்ப்பது என்பேன். சிரிப்பார்கள்.
சரியாகச் சொன்னால்
வானத்தில் ஒன்றும் இல்லை என்று பார்ப்பது.

இல்லாததைப் பார்ப்பது லேசுப்பட்டதல்ல.
காற்றில் மாவு சலித்தாற்போல் புழுதி.
அதில் வெள்ளை விமானம்
உப்புக்குள் விழுந்த உப்பு.
முதலில் காது, பிறகுதான் கண்.
நெடுஞ்சாலை லாரிகளைக் கழித்து
ஏசிப் பெட்டிகளின் இரைச்சலைக் கழித்து
மிச்சம் ஏதும் உறுமுகிறதா என்று

மேலே, பன்னிரண்டாயிரம் அடியில்
துஷான் ஓட்டும் விமானத்தில் பதினான்கு பேர்.
பட்டியலில் ஒன்பதாவது சின்னக்கருப்பு.
ஷார்ஜாவில் டைல்ஸ் ஒட்டுகிறவர்.
சூப்பர்மார்க்கெட் குலுக்கலில் அவருக்கு விழுந்தது
காரும் இல்லை, தங்கமும் இல்லை,
ஒரு பயிற்சியாளரின் நெஞ்சோடு கட்டிக்கொண்டு
வானத்திலிருந்து விழ ஒரு சீட்டு.
விற்க முடியுமா என்று கேட்டாராம்.
முடியாதாம்.

"இரண்டு நிமிடம்," என்றான் துஷான்.

அப்போதுதான் கேட்டது.
அலையாத்திக் காட்டின் மேலே
தையல் மிஷின் ஓடுகிற மாதிரி.
மூவாயிரத்து ஐந்நூறு அடி இருக்கலாம்.
கூப்பிட்டேன். பதில் இல்லை.
மறுபடி கூப்பிட்டேன்.
அந்த விமானி வேறோர் அலைவரிசையில்
வேறு யாருடனோ
மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.
ஓர் எண் தள்ளிப்போனால் போதும்,
ஒரே வானத்தில் இரண்டு ஊர்.

அந்தச் சின்ன விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேல்.
அண்ணாந்தால் கூரைதான் தெரியும்.
குதிக்கிறவனுக்கோ கீழே எல்லாமே தரை,
தரைமேல் நகரும் வெள்ளைப் புள்ளியும் தரை.
அவன் விழுவது நொடிக்கு ஐம்பது மீட்டர்.

"நோ டிராப். நோ டிராப். நோ டிராப்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.
துஷான் ஒரு வட்டம் போட்டான்.
அதற்குள் கடலிலிருந்து மூடுபனி
கேட்காமல் வந்து படுத்துக்கொண்டது.
இன்னொரு வட்டம். எரிபொருள் கணக்கு.
பதினான்கு பேரும் விமானத்தோடேயே இறங்கினார்கள்.

சின்னக்கருப்பு பட்டைகளைக் கழற்றவிடவில்லை.
"ரெண்டு காலையும் வெளிய தொங்கப் போட்டுட்டேன் சார்.
அப்புறம் ஏன் நிறுத்துனாங்க?"

"வழியில ஆள் வந்துட்டாங்க."

அவர் மேலே பார்த்தார். வெகுநேரம்.
"அங்கயுமா?"

செவ்வாய்க்கிழமை அந்த விமானி வந்தாள்.
நாதீன். ஒரு பல் மருத்துவமனையில் கணக்கு எழுதுகிறவள்.
விமானம் மணிக்கணக்கில் வாடகைக்கு.
வரைபடத்தை என் முன்னால் விரித்தாள்.
எங்கள் வட்டத்தைப் பென்சிலால் போட்டிருந்தாள்,
சரியான இடத்தில், அழுத்தமாக.
மூடுபனியைத் தவிர்க்க உள்ளே ஒதுங்கினேன், என்றாள்.
ஒதுங்கிய இடம்தான் அந்த வட்டம்.

இரண்டு நாளாய்ச் சேர்த்துவைத்த வசவுகள் இருந்தன என்னிடம்.
நல்லவை, மனப்பாடம்.
எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன்.
துஷான் அடுத்த சுமையோடு ஏறிக்கொண்டிருந்தான்.
பைனாகுலரை வைத்து அவள் துழாவினாள்.
எங்கே?
விரலைக் காட்டினேன். விரல் நுனியிலிருந்து மேலே பார்த்தாள்.
எங்கே?
மூன்றாம் முறை கேட்க வாயெடுத்தபோது
எங்கோ ஒரு துணி படாரென்றது.
சிவப்புக் குடை. பிறகு நீலம்.
அவள் கை தானாக இடப்பக்கம் போய்
இல்லாத ஒரு பொத்தானைத் திருகியது.

கிளம்பும்முன் எங்கள் எண்ணைக் கேட்டாள்.
தெரிந்த எண்தான். இருந்தாலும் எழுதிக்கொண்டாள்.

சின்னக்கருப்புக்கு அடுத்த மாதம் பதினெட்டு.
லீவு கிடைக்க வேண்டும்.