ஈரக்குலை

ஸ்ப்ளாங்க்னா என்று சொல்லிப் பார்த்தால்
நாக்கு ஒருமுறை வழுக்கித்தான் விழும்.
பாளையங்கோட்டையில் என்னிடம் கிரேக்கம் படித்த
பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு விழுந்தது.

கரும்பலகையில் எழுதினேன்:
ஈரல், இதயம், நுரையீரல், சிறுநீரகம்.
பலி ஆட்டை அறுத்ததும் முதலில் எடுத்து
நெருப்பில் வாட்டுகிற உள்ளுறுப்புகள்.
அதையே வினையாக்கி
நற்செய்திக்காரர்கள் பன்னிரண்டு இடத்தில் வைத்தார்கள்.
குஷ்டரோகியைக் கண்டபோது,
பசித்த கூட்டத்தைக் கண்டபோது,
நாயீன் ஊர் வாசலில்
ஒரு விதவையின் ஒற்றை மகன் பாடையில் வந்தபோது.
நமக்கு அது 'மனதுருகி'.
யூதாசு தலைகீழாக விழுந்து நடுவயிறு வெடித்தபோது
வெளியே சரிந்ததற்கும் இதே சொல்தான்.
அந்த வசனத்தை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன்.

மனசு எங்கே இருக்கு சார், உருகினா எங்கே ஒழுகும் என்று
கடைசி பெஞ்சிலிருந்து ஜெபசிங் கேட்டான்.
சிரித்தார்கள். நானும்தான்.
நல்லவேளை, மணி அடித்தது.

சனிக்கிழமை மேலப்பாளையத்தில்
மைதீன் பிச்சை கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"ஈரக்குலை தனியா வேணுமா சார்,
கறியோட சேத்துரவா?"
கொக்கியில் தொங்கியது,
மூச்சுக்குழலோடு நுரையீரல், இதயம், கீழே ஈரல்,
அறுபடாத ஒரே கொத்து,
இன்னும் லேசாக ஆவி பறந்தபடி.
பையை வாங்க மறந்து நின்றேன்.
நான் வாரக்கணக்காகத் தேடிய சொல்லுக்கு
சிலேட்டில் கிலோ விலை எழுதியிருந்தது.

ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லிவிட்டேன்.
செயலர் கோயில்பிள்ளை வாசலில் மறித்தார்:
"பீடத்தண்டையில நின்னு பேசுற பேச்சாவே இது?
கறிக்கடைப் பேச்சு!"
"முதல்ல அது பீடத்துலதான் கெடந்துச்சு" என்றேன்.
நாள் முழுக்க அந்தப் பதிலையே
மென்றுகொண்டிருந்தேன்.

ஆடிக்காற்றில், பணகுடிப் பக்கம்,
காத்தாடியில் ஏறி வேலை செய்கிறவன்,
ஜெபசிங்கின் அண்ணன், தம்பிக்குப் பீஸ் கட்டுகிறவன்.
எண்பது மீட்டர்.
கயிறு இருந்ததாம். கொக்கியும் மாட்டியிருந்ததாம்.
பெட்டியை ஆணியடித்தே கொண்டுவந்தார்கள்.
தாண்டிப் போன வசனம்
அங்கே வந்து என் முன்னால் நின்றது.

சொர்ணபாய் அழவில்லை.
விலாவுக்குக் கீழே இரண்டு கையாலும்
எதையோ கீழே விழாமல் தாங்கிப் பிடித்ததுபோலக் குனிந்து
"எய்யா, என் ஈரக்குலையே" என்றாள்.
விளிவேற்றுமை.
ஓடிப்போன அடிமையைத் திருப்பி அனுப்பும்போது
பவுலும் அவனை இப்படித்தான் எழுதினான்.
வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் எனக்குள்
அதிகாரமும் வசனமும் ஓடிக்கொண்டிருந்தது.

அழாதவளிடம் போய் "அழாதீங்கம்மா" என்றேன்.
நாயீனில் அதைச் சொன்னவர்
அடுத்ததாகப் பாடையைத் தொட்டார்.
நான் குடையை இடக்கைக்கு மாற்றினேன்.
சாரல் சாய்ந்து அடித்தது.

அந்த வினை செயப்பாட்டு உருவிலேயே வரும்.
செய்தது யாரென்று வாக்கியத்தில் இருக்காது.
யாரோ உள்ளே கைவிட்டு
ஒரு புரட்டுப் புரட்டியதுபோல.
பதினாறு வருஷமாக இதை
விதிவிலக்குப் பட்டியலில் நடத்தியிருக்கிறேன்,
நாலு மதிப்பெண்.

மூன்று வாரம் கழித்து ஜெபசிங் வந்தான்.
அதே கடைசி பெஞ்சு.
அன்றைய பாடம் நாயீன்.
நான் மெதுவாகத் தாளைத் திருப்பினேன்.

"சார்" என்றான்,
"ஒரு பக்கம் விட்டுட்டீங்க."