தரையோடு

இடுப்புயரத்தில் வெட்டினால் விளார் கோணிக்கொண்டு வரும்,
தரையோடு வெட்டு, தூரிலிருந்து ஈட்டி மாதிரி எழும்
என்று ஏகாம்பரம் சொல்லியிருந்தார்.
கூடை பின்னுகிறவர் அவர், விலை போடுகிறவரும் அவரே.
மாசி ஏழாம் தேதி, பனி காய்ந்த பிறகு
கொடுவாளைத் தீட்டிக்கொண்டு போனேன்.

நூற்றுப்பத்தடி நொச்சி.
ஆடு வாய் வைக்காது, அதனால்தான் வேலி.
நாலு விரல் விட்டு, சாய்வாக, ஒரே போடு.
இரண்டாம் போடு போட்டால் தூர் பிளக்கும்,
பிளவில் தண்ணீர் நிற்கும், கண் அழுகும்.
முதல் பத்துத் தூரைப் பிளந்தேன்.
பதினொன்றாவது எனக்குக் கை கொடுத்தது.

வெட்ட வெட்ட வாசனை தலைக்கு ஏறியது,
சளி பிடித்த நாளில் போர்வைக்குள் அடைபடுகிற அதே வாசனை.
கட்டைவிரல் கனத்தில் இருந்தவை கூடைக்குக் கால்,
சுண்டுவிரல் கனம் பின்னலுக்கு.
எதற்கும் அடங்காத கோணல்களை ஒரு பக்கம் எறிந்தேன்.
இலவம்பாடி முள்ளுக்கத்திரி
பிளாஸ்டிக் டிரேயில் வேர்த்துக் கறுத்துவிடுகிறதாம்.
கூடையில் போடு என்கிறான் பெங்களூர் லாரிக்காரன்.
இந்த வருஷம் அணைக்கட்டுப் பக்கம்
நொச்சிக்கு இருக்கிற கிராக்கி தைலமரத்துக்கு இல்லை.

மூன்றாம் நாள், நடு வேலியில்
கொடுவாள் ணங்கென்றது.

கல்.
ஒரு சாண் தலை, மேலே உளியால் கொத்திய கூட்டல் குறி.
வாய்க்கால் கரையில் இதற்கு ஜோடி ஒன்று இருப்பது
ஊருக்கே தெரியும்.
கூடை கட்டுகிற கயிற்றை
அதிலிருந்து இதற்கு இழுத்துப் பிடித்துப் பார்த்தேன்.
தூர் எல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம்.
ஒன்றுகூட இந்தப் பக்கம் இல்லை.

மறுபடி இழுத்தேன்.
கயிறு பொய் சொல்லவில்லை.

அப்படியானால் இத்தனை மாசியும் நாங்கள் விற்றது
தனகோட்டியின் நொச்சி.
நூற்றுப்பத்து அடி, நாலடி அகலம்.
மனசு தானாகவே கணக்குப் போட்டது: ஒரு செண்ட்.

ராத்திரி பையன் தமிழ் நோட்டைச் சத்தமாகப் படித்தான்:
மதில் காப்பவர் சூடுவது நொச்சி,
மதிலை வளைப்பவர் சூடுவது உழிஞை.
"யாரோட மதில்னு போட்டிருக்குதாடா?" என்றேன்.
"பரீட்சைக்கு அது வராதும்மா."

காலையில் தனகோட்டியே வந்தார்,
மடியில் இருநூறு ரூபாய்.
புடலைப் பந்தலுக்கு ரெண்டு கட்டு வேணும், கோணலா இருந்தாலும் சரி.
நேராக இருந்ததில் மூன்று கட்டு எடுத்து வைத்தேன்.
"ரெண்டுதானே கேட்டேன்?"
"எண்ணிக்கை தப்பிப் போச்சு."
பணத்தை நீட்டினார். நூறு வாங்கிக்கொண்டேன்.
ஏன் நூறு என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று
இப்போதும் தெரியவில்லை.

அங்கேயே குந்தி என் கொடுவாளை வாங்கி
நுனிகளைக் கழித்தார், இடது கையால்.
கல்லுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.
ஒரு தரம்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
கல்லை மூட நான் போட்டிருந்த தழைக்குவியல் மட்டும்
அந்த இடத்தில் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அவர் போனபின் தழையை அள்ளினேன்,
கொசுவுக்குப் புகை போட ஒரு கூடை, குதிருக்கு ஒரு கூடை.
அப்போதுதான் பார்த்தேன்.
கல்லை ஒட்டிய தூரில் என் வெட்டுக்குக் கீழே
இன்னொரு வெட்டு.
சாம்பல் ஏறி, மூன்று நாலு வருஷப் பழசு.
வேலி முழுக்க இடுப்புயரத்தில் வெட்டிய காலத்தில்
இது ஒன்று மட்டும் தரையோடு.
என் சாய்வு கிழக்கே பார்த்தால்
அது மேற்கே பார்த்தது.

கயிற்றைச் சுருட்டி வைத்தேன்.
ஏகாம்பரம் டெம்போவில் முப்பத்தாறு கட்டு ஏற்றினார்,
பணத்தை எண்ணிக் கொடுத்தார், குறையில்லை.

பங்குனி பத்தில் தூர்கள் கண் விட்டன.
பிளந்த பத்திலும் எட்டு.
கல்லோரத் தூரில் மட்டும் இரண்டு பக்கமும் துளிர்.
புடலை ஏறத் தொடங்கிவிட்டது என்று
வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார் தனகோட்டி.
காய்ச்சதும் அனுப்பு என்று நானும் கத்தினேன்.