ஐந்தடிக்கு ஒன்றேகால்

தினமும் காலையில் நான் துடைப்பேன்.
தினமும் இரவில் அவர் மறுபடி வரைவார்,
படுக்கையறைத் தரையில்
சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம்.
நீளம் ஐந்தடி, அகலம் ஒன்றேகால்.
பிரிஸ்டல் துறையில் ஒரு கப்பல் தச்சன்
குடித்திருந்தபோது உளறிய அளவு.

யாருக்கும் கடைசியில் ஆறடி என்பார்கள்.
இது அதிலும் குறைவு.

பென்ஹாலோ எஜமானர் நல்ல உயரம்.
முழங்காலை மடக்கி ஒருக்களித்தால்தான்
கோட்டுக்குள் அடங்குவார்.
ஜனவரியிலும் போர்வை கிடையாது.
கட்டிலில் தொற்காள் அம்மாள் விழித்திருப்பாள்,
மெழுகுவர்த்தியை ஊதவும் மாட்டாள்.

மன்றத்தில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலே
சிரிப்பு கிளம்புமாம்.
எதிர்வரிசையில் கரும்புத் தோட்டக்காரர் ஒருவர்
ஆரஞ்சு உரித்தபடி இருப்பாராம்.
வருஷத்துக்கு ஒரு மசோதா,
வருஷத்துக்கு ஒரு தலையெண்ணிக்கை.
ஒருமுறை ஏழு பேர் குறைந்தார்கள்,
ஏழு பேரும் நரிவேட்டைக்குப் போயிருந்தார்கள்.
அன்றைக்கு ஜெபம்கூடச் செய்யாமல்
பூட்ஸோடு வந்து படுத்தார்.

துணி வெளுக்க வருவாள் பீபா.
ஒரு கேப்டனின் விதவையிடமிருந்து
தப்பி ஓடி வந்தவள்.
விரிப்பை எடுக்க மாடியேறியவள்
கட்டத்தைப் பார்த்து நின்றாள்.
"யாருக்குக் குழி?"
விஷயத்தைச் சொன்னேன்.
ஈரக் கையோடு கோட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள்.
"அளவு சரிதான்.
ஆனால் இதில் நாங்கள் இரண்டு பேர்,
நானும் என் தங்கையும்.
பதினோராம் நாளுக்கு அப்புறம்
எனக்குத் தாராளமாக இருந்தது."

கதவுக்கு வெளியே அவர் நின்றிருக்கிறார்.
எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் மன்றத்தில்
மூன்று மணி நேரப் பேச்சை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு
அவள் சொன்னதை மட்டும் சொன்னாராம்.
வண்டிக்காரன் கண்கலங்கி வந்து சொன்னான்.
ஆரஞ்சுக்காரர் உரிப்பதை நிறுத்தவில்லை என்றும் சொன்னான்.

பீபாவிடம் ஓடினேன்.
பிழிந்துகொண்டிருந்த துணியை விடாமல் கேட்டாள்:
"என் தங்கை பேரைச் சொன்னாரா?"
"அவருக்குத் தெரியாதே."
"கேட்கவில்லையே."
அடுத்த வாரம் வேறு வெளுப்புக்காரி வந்தாள்.

அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் தோற்றார்.
ஜெயித்த இரவில் தெருவெல்லாம் மணி அடித்தது.
நிமிர முடியாத முதுகோடு வந்தவர்
கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டு
பீபா எங்கே என்றார்.

வாப்பிங் சந்துகள் முழுக்கத் தேடினேன்.
அவள் இருந்த அறையில்
ஒரு ஐரிஷ்காரன் மீன் அரிந்துகொண்டிருந்தான்.

அவர் மேஜையில் சட்டத்தின் நகல் இருக்கிறது.
ஓரத்தில் கையால் ஏதோ எழுதி,
நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு விட்டிருக்கிறார்.
எனக்கு எழுத்துத் தெரியாது.
விட்டது தெரியும்.