தானக் காவி

பெடல் அச்சைத்தான் உற்பத்தியாக எடுத்தேன்.
கொக்குவிலில், செபநேசனின் வெல்டிங் பட்டறைச் சுவரில்
முழு அளவில் கீறிய சைக்கிளின் நடுவே
கரிக்கட்டியால் ஒரு O.
அங்கிருந்து பின்னுக்கு நூற்றறுபது, மேலே நானூற்றெண்பது:
சீற் குழாயின் தலை.
முன்னுக்கு முந்நூற்றெண்பது, மேலே ஐந்நூற்றறுபது:
ஹாண்டில் கழுத்து.
ஒன்றை மற்றதிலிருந்து கழித்து
வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால்
பாரின் நீளம் ஐந்நூற்று நாற்பத்தாறு மில்லிமீற்றர்.

செபநேசன் நம்பவில்லை.
அவனுக்கு உலகம் தொடங்குவது
சுவரடி மூலையில் அறைந்த துருப்பிடித்த ஆணியில்.
அங்கிருந்து ரேப்பை இழுத்தான்.
எண்ணூற்று நாற்பது, ஆயிரத்து இருநூற்றைம்பது...
என் எண்களில் ஒன்றுகூட அவனிடம் இல்லை.
கழித்துப் பார்த்தால்
அதே ஐந்நூற்று நாற்பத்தாறு.
"பாத்தியே" என்றான்,
தானே கண்டுபிடித்தவன் மாதிரி.

வெட்டினோம். ஒட்டினோம். பச்சை பூசினோம்.

மூன்றாம் நாள் எமில்டா அக்கா உருட்டிக்கொண்டு வந்தா.
விடிய நாலரைக்குப் பாசையூரில் மீன் ஏற்றி
கரியரின் இரண்டு பக்கமும் பெட்டி தொங்க
கோண்டாவில் மட்டும் மிதிக்கிற மனுசி.
"பாரும் சரி, சீற்றும் சரி பிள்ளை.
குதிக்கால்தான் பெட்டியில முட்டுது."
செருப்பைக் கழற்றிக் காட்டினா.
தோல் உரிஞ்சிருந்தது.

என் படத்தில் எல்லாக் குழாயும் இருந்தது,
கால் இருக்கவில்லை.

வகுப்பில் காவி என்றதும்
சாமியாரின் வேட்டி என்று சிரித்த ஆட்கள் நாங்கள்.
தினமும் முப்பது கிலோ காவுறவவைக்
கேட்டிருக்கலாம், ஒரு சொல்.

அவவைப் பெடலில் ஏற்றி
செபநேசன் பின்சில்லைப் பிடித்துக்கொள்ள
குனிந்து அளந்தேன்.
கால் பின்னுக்கு வரும்போது குதி O விலிருந்து முந்நூற்றறுபது.
பெட்டியின் முன்மூலை முந்நூற்று நாற்பது.
நெஞ்சுக்குள் மூலம் எடுக்கத் தேவையே இல்லை:
இருபது மில்லிமீற்றர், தோலுக்குள்.

பின்சில்லை ஐம்பது தள்ளினோம்.
நானூற்று முப்பத்தாறாய் இருந்த பின்குழாய்
நானூற்று எண்பத்தைந்து.
பச்சை திரும்பவும் பூசவில்லை,
ஒட்டிய இடம் கறுப்பாய்க் கிடக்கு.
கூலியில் பாதி காசு, மீதி விளைமீன்.

சுவரில் O வுக்குப் பின்னால் புதுசாய் ஒரு புள்ளி.
"உதுக்கு என்ன பேர்?" என்றான் செபநேசன்,
மீன் செதிளைக் கையிலிருந்து உரசிக்கொண்டு.
E என்று எழுதினேன்.